நெட்டிக்கு ஆழம் வேண்டாம், சரிவு வேண்டும்

மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு வல்லத்திராக்கோட்டையிலிருந்து வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருந்தார். சின்ன வயதில் காளைக்கும் பசுவுக்கும் கட்டிய நெட்டி மாலை இப்போது சந்தையில் அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறதாம். ஊர்க் குளத்திலேயே கிடைத்த அந்த ‘நெட்டிப் புல்’லையும் காணோமாம். சொந்த நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறார். அதில் நெட்டியை வளர்க்க முடியுமா, வளர்த்தால் வாங்க ஆள் உண்டா என்று கேட்கிறார். கேள்வி பதில் பகுதியில் நாலு வரியில் முடிகிற சங்கதியாக இல்லாததால் தனியாகவே எழுத வேண்டியதாயிற்று.

முடியும் என்பதுதான் பதில். ஆனால், வழக்கமாக வெட்டப்படும் பண்ணைக்குட்டையில் அப்படியே போட்டால் வராது. நம் குளங்களிலிருந்து நெட்டி குறைந்துபோன காரணமும், குட்டையில் வராமல் போகிற காரணமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதைப் புரிந்துகொண்டால் மற்றது சுலபம்.

முதலில், இது புல்லே இல்லை

தண்ணீருக்குள் கோரையோடும் சம்போடும் சேர்ந்து நிற்பதால் ஊரில் புல் என்றே பேசுகிறோம். உண்மையில் நெட்டி பயறு வகைக் குடும்பத்துச் செடி. உளுந்துக்கும் துவரைக்கும் பங்காளி. மஞ்சள் பூ பூக்கும், காய் காய்க்கும், வேரில் முடிச்சு கட்டும். தாவரவியல் பெயர் ஈஸ்கினோமெனி ஆஸ்பெரா. முதல் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் ‘வெட்கப்படுவது’ என்று பொருள். தொட்டால் இலை மெல்ல மடங்கிக்கொள்வதால் அந்தப் பெயர். தொட்டாற்சிணுங்கி அளவுக்கு வேகம் இருக்காது. புளிய இலை மாதிரி பொடிப்பொடியான சிற்றிலைகள். தண்டில், குறிப்பாக இளந்தண்டில், கை வைத்தால் சொரசொரப்பு தெரியும்.

பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் தக்கைப்பூண்டோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. இரண்டும் ஒரே குடும்பம், ‘தக்கை’ என்ற பெயரும் சில ஊர்களில் இரண்டுக்கும் பொது. காயைப் பார்த்தால் குழப்பம் தீரும். தக்கைப்பூண்டின் காய் ஊசி போல நீண்டு ஒரே நெற்றாக இருக்கும். நெட்டியின் காய் கண்ணி கண்ணியாக, கோத்து வைத்தது போல இருக்கும். முற்றியதும் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக உடைந்து விழும். ஒரு கண்ணிக்குள் ஒரு விதை.

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நெட்டியில் இரண்டு வகை நம் பக்கம் காணப்படும். வயல் வரப்பிலும் நெல்லுக்கு நடுவிலும் களையாக முளைப்பது சின்ன வகை, ஈஸ்கினோமெனி இண்டிகா. தண்டு மெலிசாக இருக்கும், உள்ளே தக்கையும் குறைவு. மாலை கட்டவும் பொம்மை செய்யவும் உதவுவது குளத்தில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து தண்டு பருக்கும் பெரிய வகை. பெரிய நெட்டியின் காய்க் கண்ணி சின்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். வரப்பில் கிடைத்த விதையைக் கொண்டுபோய்க் குட்டையில் போட்டுவிட்டு, தண்டு பருக்கவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் பூவும் காயும் உள்ள கிளை ஒன்றைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து எடுத்துச் செல்லுங்கள். வம்பன் வேளாண் அறிவியல் நிலையம் ஆலங்குடிப் பக்கத்துக்காரர்களுக்குக் கூப்பிடு தூரம். திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் ராபினட் தாவர உலர்பதனகம் இருக்கிறது. தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றிப் பாதிரியார் கே.எம். மாத்யூ எழுதிய பெரிய நூல் தொகுதிகள் பிறந்த இடம் அது.

தண்ணீர் நின்றால்தான் தண்டு பருக்கும்

நெட்டித் தண்டின் தோலைச் சீவினால் உள்ளே பால் வெள்ளையாகத் தெரிவதை எல்லோரும் ‘சோறு’ என்று நினைக்கிறோம். அது சோறு இல்லை, மரம்தான். செல்களின் சுவர் அவ்வளவு மெல்லியது, உள்ளே முழுக்கக் காற்று. உலகத்து மர வகைகளில் மிகவும் இலேசானவற்றுள் ஒன்று இது. கத்தி பட்டால் வெண்ணெய் போல வெட்டுப்படும், தண்ணீரில் போட்டால் மிதக்கும். மீன் வலைக்கு மிதப்பாகக் கட்டியது இதனால்தான். வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்குப் போட்ட தடித்த தொப்பியும் இதில் செய்ததே. ‘சோலா’ தொப்பி என்றதும் சூரியனைக் குறிக்கிற ஆங்கிலச் சொல் என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். அது வங்காளத்தில் இந்தச் செடிக்கு வழங்கும் ‘சோலா’ என்ற பெயர். வங்காளக் கல்யாணங்களில் மாப்பிள்ளை தலையில் வைக்கும் வெள்ளைக் கிரீடம் இன்றைக்கும் இதில்தான் செய்யப்படுகிறது. துர்க்கா பூஜை அலங்காரத்துக்கும் இதுவே.

நம் பக்கத்தில் தஞ்சாவூர் நெட்டி வேலை பெயர்பெற்றது. பெரிய கோயிலைத் தந்தத்தில் இழைத்தது போல நெட்டியில் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கைவினைக்குக் குறியீடு வந்துவிட்டது. அதற்கு மூலப்பொருளான செடியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை என்பது என் ஆதங்கம்.

விவசாயி தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான குணம் ஒன்று இருக்கிறது. இந்தச் செடி முளைப்பது ஈரச் சேற்றில். பருப்பது தண்ணீரில். முளைத்து ஒரு சாண், இரண்டு சாண் வளர்ந்த பிறகு தண்ணீர் மெல்ல மெல்ல ஏற வேண்டும். தண்ணீரின் உயரத்துக்கு ஈடுகொடுத்துச் செடியும் உயரும். மூழ்கிய பகுதியில் தண்டு காற்றடைத்துத் தடித்துக்கொண்டே போகும். மேட்டில் நின்ற செடி பூத்துக் காய்க்கும், ஆனால் தண்டு குச்சியாக, கெட்டியாக இருக்கும். எடுத்த எடுப்பில் ஆழத் தண்ணீருக்குள் விழுந்த விதையும் உருப்படாது. ஆக, ஈரமும் வேண்டும், ஆழமும் வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக வேண்டும்.

இதை யாரும் ஏற்பாடு செய்யாமலே கொடுத்துக்கொண்டிருந்தது நம் குளத்தின் உள்வாய்தான். கரை ஓரம் ஆழமாகவும், எதிர்ப்பக்கம் போகப்போகத் தட்டை போலச் சரிந்தும் இருக்கும் அமைப்பு. ஆவணி, புரட்டாசி இடிமழையில் உள்வாய்ச் சேறு நனையும். விதை முளைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வரத்துவாரி ஓடிக் குளம் ஏறும். செடியும் கூடவே ஏறும். தண்ணீர் வற்றும்போது காய் உடைந்து அதே சேற்றில் விழும். அடுத்த ஆண்டுக்கு அதுதான் விதைப்பாடு.

குளத்தில் என்ன ஆயிற்று

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கு மேல் ஏரி, குளம், கண்மாய்கள் உண்டு. பெரிய ஆற்றுப் பாசனம் அதிகம் இல்லாத பூமி, குளத்தை நம்பியே குடியேறிய ஊர்கள். சித்தன்னவாசல் குகையின் கூரையில் தீட்டியிருப்பதே ஒரு குளம்தான். தாமரை, மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கிற ஆட்கள் என்று உயிர் நிறைந்த குளம்.

இன்றைக்கு அப்படி நிறைந்த குளத்தைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மேட்டு நிலங்களில் தைல மரக் காடு பெருகி வரத்து குறைந்தது. உள்வாயில் சீமைக்கருவேல் புகுந்து, நெட்டி முளைக்க வேண்டிய அதே தட்டையான சேற்றைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் நிற்கிற இடத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும். இவையெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். சொல்லப்படாத ஒரு காரணம் நாம் நல்லதென்று நினைத்துச் செய்யும் தூர்வாரல்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தது நினைவிருக்கும். தென்னை எல்லாம் சாய்ந்து, இனி நிலத்தடி நீரையாவது காப்போம் என்று அடுத்த கோடையில் கீரமங்கலம், பேராவூரணி வட்டாரங்களில் இளைஞர்கள் கைக்காசு போட்டுக் குளங்களைத் தூர்வாரினார்கள். பாராட்ட வேண்டிய வேலை. அவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. ஆனால், பொதுவாக எந்த ஊரிலும் மண்வாரி இயந்திரம் இறங்கினால் என்ன நடக்கிறது? குளம் முழுக்க ஒரே ஆழத்துக்கு வெட்டுகிறார்கள். ஓரம் செங்குத்தாக நிற்கிறது. மேல் ஓரடி வண்டல் வயலுக்குப் போகிறது. அந்த ஓரடியில்தான் பல ஆண்டுகளாக விழுந்த நெட்டி விதை, அல்லிக் கிழங்கு, கொட்டி எல்லாம் இருந்தன. தண்ணீர் கூடுதலாக நிற்கும், சரி. ஆனால் முளைக்க விதையும் இல்லை, முளைத்து ஏறச் சரிவும் இல்லை.

தூர்வார வேண்டாம் என்று சொல்லவில்லை. கரையோரமும் மடைக்கு முன்னாலும் ஆழம் எடுங்கள். உள்வாயின் கடைசிப் பகுதியில், பத்தில் ஒரு பங்கு இடத்தைக் கருவேலை மட்டும் வேரோடு எடுத்துவிட்டு மண்ணைத் தொடாமல் விடுங்கள். இதைச் சொல்ல வேண்டிய இடம் கிராம சபை. கோடை வேலைக்கு முன் மே 1 கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி வைப்பது நல்லது. இயந்திரம் வந்து இறங்கிய பிறகு ஓட்டுநரிடம் சொல்லிப் பயன் இல்லை.

பண்ணைக்குட்டையில் வளர்க்க

கேள்வி கேட்ட வாசகரின் குட்டைக்கு வருவோம். பண்ணைக்குட்டையின் நாலு பக்கமும் செங்குத்தாக இருந்தால் ஒரு பக்கத்தை மட்டும் திருத்த வேண்டும். குட்டை நிறையும் மட்டத்திலிருந்து முழங்கால் ஆழத்தில் ஆரம்பித்து இடுப்பளவு ஆழம் வரை சரிந்து இறங்கும்படி ஆறு, ஏழு அடி அகலத்துக்கு ஒரு திண்ணை வெட்டுங்கள். தண்ணீர் உள்ளே வரும் வாய்க்காலுக்கு நேராக வேண்டாம், வேகத்தில் நாற்று அடித்துப் போகும். வெட்டிய இடத்தில் செம்மண்ணோ சுக்கானோ தெரிந்தால் குளத்து வண்டல் அரை அடி பரப்ப வேண்டும். வண்டல் எடுக்க அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். அடியில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டை இதற்கு ஒத்துவராது.

விதையைத் தை, மாசியில் காய் பழுப்பு நிறமாகி உடையும் முன்பே பறிக்க வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் எல்லாம் தண்ணீரில் விழுந்துவிடும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி வையுங்கள். பயறு வகையாக இருந்தாலும் உளுந்து போல நாலு நாளில் முளைக்கிற விதை இல்லை. தோல் கெட்டி. விதைக்கு முந்தின நாள் கண்ணிகளைச் சொரசொரப்பான மணலோடு சேர்த்துச் சாக்கில் போட்டு நன்றாகத் தேய்த்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தால் முளைப்பு சீராக வரும்.

நேரடியாக விதைப்பதைவிட நாற்று விடுவதே நல்லது என்பேன். மழை எப்போது வரும், குட்டை எவ்வளவு வேகமாக ஏறும் என்பது நம் கையில் இல்லையே. ஆடிக் கடைசியில் பழைய டப்பிலோ தட்டிலோ சேறு நிரப்பி விதையைத் தூவி, மேலே லேசாகச் சேறு தெளித்து, ஈரம் காயாமல் வைத்திருங்கள். தண்ணீர் நிற்கக் கூடாது. ஒரு முழம் உயர்ந்ததும் திண்ணையில் இரண்டடிக்கு ஒன்றாக நடலாம். நடும்போது சேறு சொதசொதவென்று இருந்தால் போதும். போர்வெல் தண்ணீர் உள்ளவர்கள் அப்புறம் வாரத்துக்கு நாலு விரல் அளவு மட்டத்தை உயர்த்திக்கொண்டே வரலாம். மழையை நம்பியவர்கள் இரண்டு வரிசையை மேலேயும் இரண்டு வரிசையைக் கீழேயும் நட்டு வைத்தால் மழை எப்படி வந்தாலும் ஒரு பகுதி பிழைக்கும்.

உரம் எதுவும் தேவை இல்லை. இந்தச் செடியின் இன்னொரு அதிசயம் அது. வேரில் மட்டும் இல்லாமல் தண்டிலும் சிறு சிறு முடிச்சுகள் கட்டும். அதற்குள் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. மணிலா அகத்தியைப் பசுந்தாள் உரமாக விதைத்தவர்களுக்குத் தண்டு முடிச்சு புதிதல்ல. நெட்டியில் வாழும் பாக்டீரியா வகையில் சிலவற்றுக்குச் செடியைப் போலவே வெளிச்சத்திலிருந்து சக்தி எடுக்கும் திறன் உண்டு. தக்கையைச் சீவி எடுத்தபின் மிஞ்சும் இலை, தோல், கிளை எல்லாவற்றையும் வயலில் மிதித்துவிட்டால் வீண் போகாது.

மீனும் சேர்த்து வளர்க்கலாமா என்று இன்னொரு கேள்வி வரும். கட்லா, ரோகு இருக்கலாம். புல் கெண்டை மட்டும் கூடாது. தழை கண்டால் விடாது, நாற்று ஒன்று மிஞ்சாது. அதே போல் ஆடு, மாடு இறங்காமல் இரண்டு மாதத்துக்கு முள் வேலி போட வேண்டும். இளஞ்செடியை மேய்ந்துவிடும். பயந்துகொண்டு யாரும் கேட்காத ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். காய் உடைந்து தண்ணீரோடு நெல் வயலுக்குப் போனால் அங்கே களையாகும். வயலுக்குப் பாயும் மடையில் ஒரு வலைத்துணியைக் கட்டி வைத்தால் தொல்லை இல்லை.

அறுப்பும் காயவைப்பும்

தண்டு அடியில் கட்டை விரலைவிடத் தடித்ததும், முற்றிக் கெட்டியாகும் முன்பே அறுக்க வேண்டும். சேற்று மட்டத்தில் அரிவாள் போட்டு அறுத்து, கிளையைக் கழித்து, தோலோடு வெயிலில் நிறுத்தி வைத்துக் காயவிட வேண்டும். தரையில் பரப்பினால் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடித்து மஞ்சளாகும். மார்கழிப் பனிதான் இதற்கு முதல் எதிரி. சாயங்காலம் ஆனதும் உள்ளே எடுத்துவிட வேண்டும். வெள்ளை நிறம் கெட்டால் விலை இல்லை. பத்துச் செடிக்கு ஒன்றை அறுக்காமல் விதைக்கு விடுங்கள்.

பருவத்தில் ஒரு சிக்கல் உண்டு. மாலை கட்டுகிறவர்களுக்கு மார்கழியிலேயே காய்ந்த நெட்டி கையில் வேண்டும். மழை தாமதித்த ஆண்டில் நம் செடி அப்போதுதான் பருத்துக்கொண்டிருக்கும். கவலைப்பட வேண்டாம். நன்றாகக் காய்ந்த தண்டைக் கட்டாகக் கட்டிப் பரணில், ஈரமும் கரையானும் அண்டாமல் வைத்தால் அடுத்த பொங்கலுக்கு எடுத்துக்கொள்ளலாம். அறுத்த உடனே விற்றாக வேண்டிய காய்கறி மாதிரி இல்லை என்பது இதில் ஒரு வசதி.

வாங்குவார் உண்டா?

இதில் ஆசை காட்டி எழுத எனக்கு விருப்பம் இல்லை. ஏக்கர் கணக்கில் போட்டு லட்சம் பார்க்கிற பயிர் இல்லை இது. மாட்டுப் பொங்கல் சந்தை சில நாள் கூத்து. நெட்டி வேலை செய்கிற கைகளும் அதிகம் இல்லை. நடுவதற்கு முன்பே, உங்கள் வட்டாரத்தில் மாலை கட்டுகிற குடும்பத்தையோ தஞ்சாவூரில் நெட்டி வேலை செய்கிறவர்களையோ நேரில் பார்த்து, எந்தத் தடிமன் வேண்டும், எத்தனை கட்டு எடுப்பார்கள் என்று பேசிவிட்டு ஆரம்பியுங்கள். அவர்களும் ஒவ்வொரு ஆண்டும் குளம் குளமாக அலைந்துதான் தண்டு சேர்க்கிறார்கள். ஒரே இடத்தில் கிடைக்கும் என்றால் பேச்சுக்கு வருவார்கள்.

தண்டாக விற்பதைவிட மாலையாக விற்பதில்தான் மிச்சம். தோலைச் சீவி, துண்டு போட்டு, சாயத்தில் நனைத்து, தாழை நாரில் கோப்பது வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை. மகளிர் குழுவுக்கு மார்கழி மாதத்துக் கைவேலையாகப் பொருந்தும். பிளாஸ்டிக் மாலை மலிவாகக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவார் என்று தோன்றலாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. தடை ஒருபுறம் இருக்கட்டும். மாடு கழுத்து மாலையைப் பக்கத்து மாட்டிடமிருந்து பிடுங்கித் தின்கிற பிராணி. பிளாஸ்டிக் உள்ளே போனால் இரைப்பையிலேயே தங்கிவிடும். நெட்டி செரிக்கும். சாயத்துக்கு மட்டும் துணிச் சாயப் பொடியை விட்டு, மஞ்சளையோ உணவுக்குச் சேர்க்கும் வண்ணத்தையோ பயன்படுத்துங்கள். மாடு வளர்க்கிறவரிடம் இதைச் சொல்லி விற்றால் பத்து ரூபாய் கூடக் கொடுப்பார்.

ஊர்க் குளத்தில் வளர்ப்பதானால் குளம் யாருடையது என்று முதலில் பாருங்கள். 40 எக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளம் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மீன் குத்தகை ஓடிக்கொண்டிருந்தால் குத்தகைதாரரிடமும் பேச வேண்டும். மடை, கலுங்குப் பக்கம் நடக் கூடாது. அடைத்துக்கொண்டால் ஆயக்கட்டுக்காரர் சண்டைக்கு வருவார், அதில் நியாயமும் இருக்கும்.

நெட்டி உலகத்திலிருந்தே அழிகிற நிலையில் உள்ள செடி இல்லை. வங்காளத்திலும் அசாமிலும் ஏராளமாக இருக்கிறது. நம் பக்கத்துக் குளங்களில்தான் குறைந்துவிட்டது. அங்கிருந்து விதை வரவழைப்பதைவிட நம் மண்ணிலேயே மிஞ்சியிருப்பதைத் தேடுவது நல்லது. நம் மழைக்கும் நம் குளம் வற்றுகிற காலத்துக்கும் பழகிய விதை அதுதான். தூர்வாராத பழைய ஊருணி, கோயில் காட்டை ஒட்டிய குட்டை, இயந்திரம் இறங்க வழியில்லாத சிறு குளங்களின் உள்வாய், இவற்றில் கார்த்திகை, மார்கழியில் மஞ்சள் பூவைத் தேடிப் பாருங்கள். கண்டால் இடத்தைக் குறித்து வைத்து, தை மாதம் காய் உடையும் முன் போய் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு மற்றதை அங்கேயே விட்டுவிடுங்கள். வல்லத்திராக்கோட்டை வாசகர் தம் குட்டையின் ஒரு பக்கத்தை இந்தக் கோடையிலேயே சரித்து வைத்தால், ஆடியில் நாற்று விடத் தோதாக இருக்கும்.